‘இது… வாரியல்’: மூளை ஆபரேஷனில் பேச்சைக் காப்பது எப்படி?

மூளையின் இடப்பக்கம் கட்டி, ஆபரேஷன் செய்தால் பேச்சு போய்விடுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் எல்லோருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூளை அறுவை சிகிச்சை, மயக்கவியல், பேச்சுப் பயிற்சி ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கே: என் கணவருக்கு 41 வயது. மூளையின் இடது முன்பகுதியில் மெதுவாக வளரும் கட்டி. “ஆபரேஷன் நடுவில் எழுப்பிப் பேசச் சொல்வோம்” என்கிறார்கள். மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிப் பேசுவார்? வலிக்காதா?
– வாசகி, கும்பகோணம்

ப: வலிக்கிற இடங்கள் மூன்று: தலைத்தோல், எலும்பை ஒட்டிய சவ்வு, மூளையை மூடியிருக்கும் கெட்டியான உறை. மூளைச் சதையில் வலி உணரும் நரம்புகள் கிடையாது. வெளிச்சுற்றை நன்றாக மரக்க வைத்துவிட்டால் உள்ளே வேலை செய்யலாம்.

அதற்குப் போடுவது ‘ஸ்கால்ப் பிளாக்’. நெற்றி, பொட்டு, காதின் முன்புறம், பின்புறம், பிடரி என்று ஒரு பக்கத்துக்கு ஆறு நரம்புகள். ஒவ்வொன்றின் அருகிலும் 2, 3 மில்லி மரப்பு மருந்து. தலையைப் பிடித்திருக்கும் கவ்வியின் மூன்று முனைகள் குத்தும் இடங்களிலும், கீறப்போகும் கோட்டிலும் தனியாக. மருந்துக்கு உச்சவரம்பு உண்டு. பியூபிவாகெய்ன் என்றால் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம், அதாவது 0.25 சதவீத மருந்தில் 48 மில்லி. அளவு மீறினால் அந்த மருந்தே வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் வரவழைக்கும். அதனால் மயக்க டாக்டர் சிரிஞ்சை எண்ணி எண்ணித்தான் போடுவார்.

தோலைக் கீறி எலும்பை எடுக்கும்வரை தூக்கத்தில்தான் இருப்பார். மூளை தெரிந்ததும் தூக்க மருந்தை நிறுத்துவார்கள். ப்ரோபோஃபால் என்றால் பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடத்தில் கண் திறந்துவிடுவார். ஆனால் மூளையை அங்கங்கே சின்ன கரண்டால் தொட்டுப் பேச்சு தடுமாறுகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கண் திறந்ததுமே தொடங்கக் கூடாது. அரைத்தூக்கத்தில் குழறுவதையெல்லாம் ‘இது பேச்சுக்கான இடம்’ என்று தப்பாகக் குறித்துவிடுவோம். பேர், ஊர், ஒரு சுற்றுப் படங்கள் எல்லாம் தடுமாறாமல் சொன்ன பிறகுதான் ஆரம்பம்.

துளியும் வலிக்காது என்று சொன்னால் அது பொய். உறையில் ரத்தக் குழாய் ஓடும் இடத்தை இழுத்தால் பல்லிலோ கண்ணுக்குப் பின்னாலோ வெட்டுவது போலிருக்கும். அவர் சொன்னால் போதும், அந்த இடத்தில் மரப்பு மருந்து வைப்பார்கள். நோயாளிகள் அதிகம் புகார் சொல்வது வேறு விஷயங்களைப் பற்றி: ஒருக்களித்தே படுத்ததில் தோள் வலி, சிறுநீர்க் குழாயின் எரிச்சல், குளிர், நாவறட்சி. மூளை வீக்கத்தை இறக்கக் கொடுக்கும் மானிட்டால் தண்ணீரை இழுத்துவிடும், வாய் காய்ந்துபோகும். காய்ந்த நாக்கு குழறும், அதுவும் சோதனையைக் குழப்பும். ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் நனைத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். தூங்கவைப்பதற்கு முன்பே உங்கள் கணவரை மேஜையில் படுக்கவைத்து, “தோளுக்கு இன்னொரு தலையணை வேணுமா?” என்று அவரையே கேட்டு அமைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கே: எம்.ஆர்.ஐ.யிலேயே எல்லாம் தெரிகிறதே! பேச்சு எங்கே இருக்கிறது என்று கலர் கலராகப் படம் எடுத்தும் தந்தார்கள். பிறகு எதற்கு எழுப்ப வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

ப: அந்தக் கலர் படம் ‘ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.’. பேசும்போது எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்பதைக் காட்டும். அதில் இரண்டு ஓட்டைகள். பேசும்போது சுறுசுறுப்பாகும் இடமெல்லாம் பேச்சுக்கு அத்தியாவசியமான இடம் இல்லை. கட்டியை ஒட்டிய ரத்தக் குழாய்களோ தாறுமாறாக நடந்துகொள்ளும். அங்கே முக்கியமான இடம் இருந்தும் கலர் விழாமல் போகலாம். நரம்புப் பாதைகளை நூல் நூலாகக் காட்டும் ‘டிராக்டோகிராஃபி’ படமும் அப்படித்தான். பாதை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும், அதை வெட்டினால் என்ன ஆகும் என்று சொல்லாது.

மூன்றாவது சிக்கல், மண்டையைத் திறந்ததும் மூளை இருந்த இடத்தில் இருக்காது. உள்ளிருக்கும் நீர் வடியும், வீக்கம் இறங்கும், கட்டி எடுக்க எடுக்கக் குழி சரியும். சில மில்லிமீட்டரில் தொடங்கி ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நகரலாம். முந்தின நாள் எடுத்த படத்தை நம்பி ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுவது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

பாடப் புத்தகப் படத்தையும் நம்ப முடியாது. பேச்சுக்கான இடங்கள் என்று மருத்துவர்கள் ப்ரோகா 1861இலும் வெர்னிக்கே 1874இலும் சொன்னவற்றைத்தான் நாம் எல்லோரும் படித்தோம். அமெரிக்காவின் சியாட்டிலில் மூளை அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஓஜ்மன் 117 நோயாளிகளின் மூளையை இப்படித் தொட்டுச் சோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், அத்தியாவசியமான இடங்கள் பலருக்கு ஒன்று, இரண்டு சதுர சென்டிமீட்டர் அளவில் சின்னத் திட்டுகளாக, ஆளுக்கு ஆள் வெவ்வேறு இடத்தில் இருந்தன. உங்கள் திட்டு எங்கே என்பதை நீங்கள் பேசித்தான் காட்ட முடியும். கை, கால் அசைவை முழு மயக்கத்திலும் கண்காணிக்க வழி உண்டு. பேச்சுக்கு அது இல்லை.

கே: அப்பாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். மூன்று நாளாக ஸ்பீச் தெரபிஸ்ட் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிறார். ஒரு படத்துக்கு அப்பா ‘வாரியல்’ என்றார். அதைக்கூட எழுதி வைத்துக்கொண்டார்கள். எதற்கு?
– வாசகி, நாகர்கோவில்

ப: சரியாகத்தான் செய்கிறார்கள். ஆபரேஷனின் முக்கியமான பாதி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அந்தப் படத்தை உங்கள் ஊரில் வாரியல் என்பார்கள். இன்னோர் ஊரில் விளக்குமாறு, இன்னோர் வீட்டில் துடைப்பம். சென்னைக்காரத் தெரபிஸ்ட் ‘துடைப்பம்’ என்ற பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, உங்கள் அப்பா ‘வாரியல்’ என்றால் அது தவறா, சரியா? ஆபரேஷன் தியேட்டரில் அதை யோசிக்க நேரமில்லை. அதனால்தான் அவர் வாயில் வந்த சொல்லே அவருக்கான சரியான விடை என்று முன்பே எழுதிக்கொள்கிறார்கள். ‘ஃபேன்’ என்றால் ஃபேன்தான். ‘மின்விசிறி’ என்று யாரும் திருத்த வேண்டாம்.

இரண்டாவது வேலை வடிகட்டுவது. நல்ல நிலையில் இருக்கும்போதே தடுமாறுகிற படம், இரண்டு தடவை இரண்டு பெயர் சொன்ன படம், அவர் வாழ்க்கையில் பார்த்தே இராத பொருள் எல்லாம் படக் கட்டிலிருந்து வெளியே போய்விடும். வெளிநாட்டில் தயாரித்த படக் கட்டுகளில் பனி வீடும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் இருக்கும். பனி வீட்டுக்கு நம்மூர்ப் பெரியவர் பெயர் சொல்லாவிட்டால் அது மூளையின் குற்றமா? ஆட்டுக்கல், குடம், பல்லி, சைக்கிள் என்று அவர் கண் மூடியும் சொல்லக்கூடியவை 80, 100 தேறினால் போதும்.

வடிகட்டுவதற்கு முன் முழுப் படக் கட்டில் செய்த தவறுகளையும் எண்ணுவார்கள். அன்றாடப் பொருள்களிலேயே நாலில் ஒன்றுக்கு மேல் தவறினால், மேஜையில் நேரும் தவறு கட்டியால் வந்ததா, சோதனையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அப்போது சில நாள் டெக்ஸாமெதசோன் கொடுத்து வீக்கத்தை இறக்கி மறுபடி பார்ப்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: அப்பா கண்ணாடி போடுபவர் என்றால் அதையும், காது மெஷின் வைத்திருந்தால் அதையும் தியேட்டருக்குள் அனுப்பச் சொல்லுங்கள். இது மறந்துபோய், மங்கலான படத்தைப் பார்த்து அவர் விழிக்க, பேச்சு போய்விட்டதோ என்று எல்லோரும் பதறுவது அநாவசியம்.

கே: எழுப்பிய பிறகு சரியாக என்னதான் செய்கிறார்கள்? கரண்ட் வைப்பார்களாமே?
– வாசகர், ஈரோடு

ப: ஆமாம், மிகச் சின்ன கரண்ட். பேனா போன்ற கருவியின் நுனியில் இரண்டு உலோக முனைகள், இடையே 5 மில்லிமீட்டர். நொடிக்கு 50 அல்லது 60 துடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெகண்ட் அளவு. அது தொட்ட இடம் சில விநாடி வேலைநிறுத்தம் செய்யும், எடுத்ததும் திரும்பிவிடும். ‘இங்கே வெட்டினால் என்ன போகும்’ என்பதை வெட்டாமலே பார்க்கும் ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1930களில் கனடாவின் மான்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு வலிப்பு நோயாளிகளிடம் வளர்த்தெடுத்த முறைதான். கருவியும் கணக்கும் இப்போது நுணுக்கமாகியிருக்கின்றன.

முதலில் கரண்டின் அளவைப் பிடிக்க வேண்டும். ஒன்று, ஒன்றரை மில்லிஆம்பியரில் தொடங்கி, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு…’ என்று எண்ணச் சொல்லி, அரை அரையாக ஏற்றுவார்கள். வாய் அசைவுக்கான பகுதியைத் தொடும்போது எண்ணுவது சட்டென்று நின்றால் அளவு கிடைத்துவிட்டது. பெரும்பாலும் 2 முதல் 4க்குள் முடிந்துவிடும், 6ஐத் தாண்டுவது வழக்கமில்லை. குறைவாக வைத்தால் முக்கியமான இடமும் சும்மா இருக்கும், ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று வெட்டிவிடுவோம். கூடுதலாக வைத்தால் வலிப்பு.

பிறகு படங்கள். திரையில் படம் வருவதற்கு ஒரு கணம் முன்பு கரண்ட் வைத்து, நாலு விநாடிக்குள் எடுத்துவிடுவார்கள். நோயாளி வெறும் பெயரைச் சொல்லக் கூடாது, “இது… குடம்” என்று முழுசாகச் சொல்ல வேண்டும். இந்த ‘இது’வில்தான் சூட்சுமம். “இது…” என்று ஆரம்பித்துப் பெயர் வராமல் தவித்தால், வாய் நன்றாக இருக்கிறது, சொல்தான் அகப்படவில்லை. ‘இது’வே வராவிட்டால் பேச்சே நின்றிருக்கிறது. குழறினால் நாக்கு, உதட்டுத் தசைகளின் சமாசாரம். மூன்றும் மூன்று வேறு இடங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தெரபிஸ்ட் எது என்று அந்த விநாடியே உரக்கச் சொல்ல வேண்டும். எந்த நேரத்தில் கரண்ட் வைக்கிறார்கள் என்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது.

ஒவ்வொரு இடத்தையும் மூன்று தடவை பார்ப்பார்கள், அடுத்தடுத்து அல்ல, வேறு இடங்களுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து. மூன்றில் இரண்டு முறை தவறினால் அங்கே கிருமி நீக்கிய சின்ன எண் சீட்டு ஒன்று ஒட்டப்படும். சீட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுவது பல குழுக்களின் விதி.

மேற்பரப்பில் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் விபத்து. பேச்சு போவதற்கு ஒரு முக்கியக் காரணம், அடியில் ஓடும் நரம்புப் பாதைகளை அறுப்பது. அதனால் கட்டியை உறிஞ்சி எடுக்கும்போது நோயாளி பேசிக்கொண்டே இருப்பார், ஆழத்திலும் கரண்ட் வைத்துப் பார்ப்பார்கள். பிரான்சின் மாண்ட்பெல்லியேவில் மூளை அறுவை மருத்துவர் உக் துஃபோ பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவது இதைத்தான். எந்தப் பாதை அருகில் இருக்கிறது என்பதைத் தவறின் ரகமே சொல்லிவிடும். ‘தவளை’யை ‘வதளை’ என்றால், ஒலிகளைக் கோக்கும் வளைவுப் பாதை. கழுதையைப் பார்த்து ‘குதிரை’ என்றால், பொருளைத் தேடும் அடிப்பாதை. சொல்லத் தெரிந்தும் ஆரம்பிக்க முடியாமல் திணறினால், முன்மூளையின் சாய்வுப் பாதை. கத்தி நிற்க வேண்டிய எல்லை அங்கேதான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் யாராக இருந்தாலும் களைத்துவிடுவார். களைப்பில் வரும் தவறு வேறு. முந்தின படத்தின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வார், பதில் தாமதமாகும், கரண்ட் இல்லாதபோதும் தவறும். அப்போது ஐந்து நிமிடம் நிறுத்திப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பது நல்லது.

கே: எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம். கடையில் தமிழ். கணக்கும் ஜி.எஸ்.டி.யும் இங்கிலீஷ். எந்த மொழியைக் காப்பாற்றுவார்கள்?
– வாசகர், மதுரை

ப: மூன்றையும் கேளுங்கள். இரண்டு மொழி பேசுபவர்களுக்குப் பல இடங்கள் பொதுவாக இருந்தாலும், ஒரு மொழியை மட்டும் தடுக்கிற இடங்களும் உண்டு. 1978லேயே ஓஜ்மன் குழு இதைக் காட்டியது. தமிழில் மட்டும் சோதித்துவிட்டு வெட்டினால், வீட்டில் அம்மாவிடம் பேச வராமல் போகலாம்.

ஆனால் மூன்று மொழி என்றால் மூன்று மடங்கு நேரம், அது நடக்காது. தாய்மொழியிலும், பிழைப்புக்கான மொழியிலும் படங்களுக்குப் பெயர் சொல்ல வைத்து, மூன்றாவதைக் கட்டிக்கு நெருங்கிய இடங்களில் மட்டும் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். சௌராஷ்டிரம் தெரிந்தவர் மருத்துவமனையில் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். வீட்டில் ஒருவர் முதல் நாளே உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் சொல்கிற சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் தெரபிஸ்ட் அதை வைத்துச் சமாளித்துவிடுவார். கரண்ட் வைக்கும்போது கேட்ட மொழியை விட்டு இன்னொரு மொழியில் பதில் வந்தால் அதையும் குறிக்க வேண்டும். மொழி மாற்றும் சுவிட்சு அருகில் இருக்கலாம்.

கணக்கு உங்கள் தொழில் என்பதால், கட்டி இடப்பக்கம் பின்மேல் பகுதியில் இருந்தால் கூட்டல் கழித்தலையும் படிப்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் சொல்வதும் படிப்பதும் ஒரே இடத்தில் இல்லை. பெயர் சொல்வது தப்பிப் பிழைத்து, படிப்பது மட்டும் போனவர்கள் உண்டு.

கே: ஆபரேஷன் நடக்கும்போதே ஒருவர் கிடார் வாசித்ததை டி.வி.யில் காட்டினார்கள். என் அண்ணன் பாட்டு வாத்தியார். பாட வைத்தே சோதிக்கலாமா?
– வாசகி, திருவையாறு

ப: கிடார் வாசிக்கவைப்பது விரல் இறுக்கம் போன்ற கோளாறுகளில் விரலைச் சோதிக்க. பேச்சுக்குப் பாட்டு போதாது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களில் சிலர் பழைய பாட்டை வார்த்தை பிசகாமல் பாடுவார்கள், ‘தண்ணி’ என்று கேட்க வராது. வாய்ப்பாடு, ஸ்லோகம் எல்லாம் இந்த ரகம்தான், தானாக ஓடும். அண்ணனுக்குப் பாட்டுத் தொழில் என்பதால் அதைக் கூடுதலாகப் பார்க்கலாம்.

கே: என் மகன் இடதுகைக்காரன். அப்படியென்றால் பேச்சு வலப்பக்கம்தானே?
– வாசகர், சேலம்

ப: பெரும்பாலும் இல்லை. மான்ட்ரியாலில் செய்த பழைய கணக்கின்படி இடதுகைக்காரர்களிலும் 70 சதவீதம் பேருக்குப் பேச்சு இடப்பக்கமே. 15 சதவீதம் பேருக்கு வலப்பக்கம், 15 சதவீதம் பேருக்கு இருபுறமும். வலதுகைக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு இடப்பக்கம். எனவே இடதுகைக்காரருக்கு எந்தப் பக்கம் கட்டி வந்தாலும் முதலில் பக்கத்தை உறுதி செய்ய வேண்டும். அதற்கு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. நன்றாகவே உதவும். சந்தேகம் தீராவிட்டால், ஒரு பக்க மூளையைச் சில நிமிடம் மருந்தால் உறங்கவைத்துப் பார்க்கும் வாடா சோதனை இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் ஜுன் வாடா 1949இல் கொண்டுவந்தது.

கே: பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபிட்ஸ் வந்துவிட்டால்?
– வாசகி, வேலூர்

ப: வரலாம், அதற்குத் தயாராகவே இருப்பார்கள். முதல் மருந்து, பனிக்கட்டியில் குளிரவைத்த சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர். மூளை மேல் நேராக ஊற்றினால் பெரும்பாலும் சில விநாடிகளில் அடங்கும். அடங்காவிட்டால் கொஞ்சம் ப்ரோபோஃபால். ஆனால் அதைப் போட்டால் மறுபடி தெளிய நேரமாகும், சோதனை கெடும். அதனால்தான் தண்ணீரை முன்பே குளிரவைத்து மேஜையில் வைப்பது. வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே: லெவெடிரசெட்டம் போன்ற வலிப்பு மாத்திரையை ஆபரேஷன் காலையிலும் விடாமல் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வெறும் வயிறு’ என்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிற வீடுகள் நிறைய.

கே: மாமாவுக்குக் குறட்டை அதிகம், 104 கிலோ. அவருக்கு இந்த முறை ஒத்துவருமா?
– வாசகர், தூத்துக்குடி

ப: யோசிக்க வேண்டிய ஆள்தான். தலை கவ்வியில் பூட்டியிருக்கும்போது மூச்சுக்குழல் அடைத்தால் குழாய் போடுவது கஷ்டம். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஓயாத இருமல், கடும் பதற்றம், மனக் குழப்பம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு முழு மயக்கத்தில், படங்களின் உதவியோடு, எல்லையை இன்னும் தள்ளி வைத்துச் செய்வார்கள். கட்டி கூடுதலாக மிஞ்சும்.

கே: தம்பிக்கு ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள். தியேட்டருக்குள் நன்றாகப் பேசினானாம். இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. கையும் கொஞ்சம் தளர்வு. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, புதுக்கோட்டை

ப: ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம், ஆனால் ஏன் என்று தெளிவாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வெட்டிய ஓரத்தில் வீக்கம் முதல் சில நாள்களில் ஏறும், பேச்சு இறங்கும். கட்டி முன்மூளையின் நடுக்கோட்டை ஒட்டி இருந்திருந்தால் இன்னொரு காரணம்: அசைவைத் ‘தொடங்கிவைக்கிற’ பகுதி அங்கே இருக்கிறது. அதைத் தொட்டால் சொன்னது புரியும், கண் பேசும், வாய் திறக்காது. எதிர்ப்பக்கக் கையும் சோம்பும். வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், பெரும்பாலும் திரும்பிவிடும்.

கலிபோர்னியாவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் இந்த முறையில் ஆபரேஷன் செய்த 250 பேரைப் பற்றி 2008இல் வெளியான கணக்கு: முதல் வாரத்தில் 56 பேருக்குப் பேச்சு புதிதாகக் கெட்டது அல்லது இருந்த குறை கூடியது. ஆறு மாதத்தில் அவர்களில் 52 பேர் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள். நாலு பேருக்குக் குறை நின்றுவிட்டது. அந்த நாலையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

கேட்க வேண்டியவை: 72 மணி நேரத்துக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ரத்தக் கசிவோ, ரத்த ஓட்டம் தடைப்பட்ட இடமோ இருக்கிறதா? வெளியே தெரியாத வலிப்பு ஓடுகிறதா என்று மூளை அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பார்த்தார்களா? பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, சில நிமிடங்களில் பேச்சிழந்தாலோ, தூக்கம் கூடிக்கொண்டே போனாலோ, காத்திருக்க வேண்டாம், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி ஸ்பீச் தெரபியை இப்போதே தொடங்கலாம். கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு “நான் யாரு, சொல்லு?” என்று கேட்பதை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒருவர், டி.வி. இல்லாமல். “காபியா, பாலா?” என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். தலையசைத்தாலோ கை நீட்டினாலோ அது பதில்தான். கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குமுன் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் தயாரித்த படக் கட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியின் சொற்களே அதில் எழுதியிருக்கும். பயிற்சியை அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.